உத்தியோகக் கைபேசி

கைபேசி என்பது பேசுவதற்கும் பேச்சைக் கேட்பதற்கும் ஏற்பட்ட சாதனம் என்ற அபிப்பிராயத்தை இன்றளவும் மாற்றிக்கொள்ளாமல், எண்களை விரலால் அழுத்தி அழைக்கும் பட்டன் போன் ஒன்றையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருப்தியாகக் காலம் கழிக்கும் மனிதர்கள் நம் நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் பணமில்லாமையால் அவ்வாறு இருக்கிறார்கள் என்றோ, புதிய விஷயங்களைக் கற்கும் ஊக்கம் குன்றிப் பின்தங்கிவிட்டார்கள் என்றோ கருதுவது சரியன்று. நெல் மண்டியில் நெடுங்காலமாகக் கணக்கெழுதும் பெரியவர், இரவெல்லாம் லாரி ஓட்டும் டிரைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பகல் முழுவதும் கணிப்பொறித் திரைக்கு முன்னால் அமர்ந்து அதற்கே கட்டளைகள் எழுதிக் கொடுக்கும் இளம் பொறியாளர் என்று பல திறத்தாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு; அவர்களிற் பெரும்பாலோர் யோசித்து, வேண்டுமென்றே அதைத் தேர்ந்துகொண்டவர்கள். நானும் அவர்களைச் சேர்ந்தவன்.

இத்தகையவர்களுக்கு வரும் சங்கடம், பெரும்பாலும் கடைவீதியிலிருந்து வருவதில்லை, உத்தியோகத்திலிருந்து வருகிறது. எத்தனை விளம்பரங்கள் அழைத்தாலும் வாங்காமலிருக்கும் சுதந்திரம் ஒருவனுக்கு இருக்கிறது. ஆனால் வேலை பார்க்கும் ஸ்தாபனம் ஒரு டச் போனை உறையோடும் சார்ஜரோடும் மேஜைமேல் வைத்து, அதன் எண்ணைக் குறித்த ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “இனி எல்லாம் இதில்தான்” என்று சொல்லிவிட்டால், அந்தச் சுதந்திரத்துக்கு அங்கே இடமில்லை. எனக்கும் அவ்வாறுதான் ஒன்று வந்து சேர்ந்தது. அது நல்ல கருவி. பழுதில்லாமல் வேலை செய்கிறது. அதன்மேல் எனக்கு ஆக்ஷேபம் ஏதும் கிடையாது. எனினும் அது வந்த பிறகு என் வீட்டிலும் மனத்திலும் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டதென்பதை உணர்ந்து, அது யாதென்று நெடுநாள் ஆலோசித்துப் பார்த்ததில், கண் வலியும் நேர விரயமும் நடுவிலே வந்தவையே என்றும், ஆதியில் மாறியது அழைப்பவனுக்கும் அழைக்கப்படுபவனுக்கும் இடையே இருந்துவந்த ஓர் ஒழுங்கு என்றும் தெளிவாயிற்று.

அந்த ஒழுங்கு இதுதான். தூரத்தில் இருக்கும் ஒருவனைக் கூப்பிட்டு அவனுடைய வேலையையோ தூக்கத்தையோ கலைக்க விரும்புகிறவன், அதற்காகத் தானும் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். டிரங்க் கால் காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தபாலாபீசுக்குப் போய்ப் பதிவு செய்து, சாதாரணம், அவசரம், மின்னல் என்று படிப்படியாக ஏறும் கட்டணங்களில் தன் சக்திக்கு ஏற்றதைச் செலுத்தி, மர பெஞ்சியில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் கிடைக்கும் மூன்று நிமிஷங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும் மனிதன், அற்ப விஷயத்துக்காக அதைச் செய்யமாட்டான். தந்தி கொடுப்பவன் சொல்லுக்குச் சொல் காசு கொடுத்தான். ஆகையால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே எழுதினான். 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடியாக எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி வந்து, பிற்காலத்தில் தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகையோடு அதற்கான கூண்டுகள் முளைத்தபோதும், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும் தொகையைப் பார்த்துக்கொண்டேதான் மக்கள் பேசினார்கள்.

கைபேசி வந்த ஆரம்ப நாட்களில் இந்தப் பாரம் இன்னும் அதிகமாயிற்று என்றே சொல்லலாம். 1995 ஜூலை 31இல் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியது இந்தியாவின் முதல் கைபேசிச் சம்பாஷணை என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தக் காலத்தில் அழைத்தவர் மாத்திரமன்றி அழைக்கப்பட்டவரும் நிமிஷக் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஒருவருடைய கைபேசியை அழைப்பது அவருடைய பணப்பையில் கைவைப்பதற்குச் சமமாக இருந்ததனால், அழைப்பவருக்கு இயல்பாகவே ஒரு சங்கோசம் இருந்தது. 2003 மே மாதத்தில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்த பிறகுதான் சாமானிய ஜனங்கள் கைபேசியைத் துணிந்து வாங்கினார்கள். அதனால் விளைந்த நன்மை மிகப் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்போதும் அழைப்பவன் காசு கொடுத்தான். காசில்லாதவன் ஒரு மணியடித்து நிறுத்தி ‘மிஸ்டு கால்’ கொடுத்தான். பதிலுக்கு அழைப்பதா வேண்டாமா என்பதை எதிர்ப்பக்கத்து மனிதன் தன் இஷ்டப்படி தீர்மானித்தான்.

அதே 2003ஆம் வருஷத்தில் வெளிவந்த நோக்கியா 1100 என்ற கருவியை இந்தச் சந்தர்ப்பத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, கை வியர்த்தாலும் வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு சிறு டார்ச் விளக்கு என்று, நம்முடையதைப் போன்ற, வெயிலும் புழுதியும் மின்வெட்டும் நிறைந்த தேசங்களில் வாழ்பவர்களுடைய தேவைகளை அறிந்து அமைக்கப்பட்ட அந்தக் கருவி, உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி விற்றது. நோக்கியா நிறுவனம் 2006இல் நம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கியது. சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அதிகாலைப் பேருந்துகளில் வந்து இறங்கி அங்கே கைபேசிகளை உருவாக்கினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பட்டன் போனை ஏதோ பத்தாம்பசலிகளின் பொருள் என்று எண்ணும் இளைஞர்கள், அது நம் மண்ணிலே நம் பெண்களுடைய கைகளால் செய்யப்பட்டு உலகத்துக்குப் போன பொருள் என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

இப்போது உத்தியோகக் கைபேசியின் கதைக்கு வருகிறேன். பார்வைக்கு அது கடையில் வாங்கும் டச் போனைப் போலவே இருந்தாலும், அதன் உள்ளமைப்பில் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஸ்தாபனம் கொடுக்கும் கருவியில், தூரத்திலிருந்தே அதை ஆளும் ஒரு நிர்வாக மென்பொருள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும். எந்தெந்தச் செயலிகளை ஏற்றலாம், கடவுச்சொல் எத்தனை எழுத்தில் இருக்க வேண்டும், காணாமற்போனால் உள்ளே இருப்பதையெல்லாம் எப்போது அழிப்பது என்பவற்றையெல்லாம் அலுவலகத்து அதிகாரி ஒருவர் தம் இடத்தில் இருந்துகொண்டே தீர்மானிக்க அதனால் முடியும். அனுமதி இருந்தால், அந்தக் கருவி இந்த நிமிஷத்தில் எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் பார்க்க முடியும். ஒருவருடைய சொந்தக் கைபேசியில் உத்தியோக காரியங்களுக்கென்று தனிப் பகுதி ஒன்றைப் பிரித்து வைக்கும் வசதி 2014இல் வந்த ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து இருக்கிறது. அங்கே ஸ்தாபனத்தின் அதிகாரம் அந்தப் பகுதியோடு நின்றுவிடும். ஸ்தாபனமே வாங்கிக் கொடுத்த கருவியிலோ அந்தச் சுவர் எப்போதும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. ஆகையால் அதில் குழந்தைகளின் புகைப்படத்தையும் சொந்த வங்கிக் கணக்கையும் நண்பர்களுடைய எண்களையும் சேர்த்து வைப்பது உசிதமன்று என்பது என் திடமான எண்ணம்.

கருவியைக் கொடுக்கும்போது சொல்லப்படும் காரணங்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பலர் அதைக் கேட்டவுடனே வாயடைத்துப்போகிறார்கள். கணிப்பொறிக்குள் நுழைய வெறும் கடவுச்சொல் போதாது, முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண் ஒன்றும் வேண்டும், அந்த எண்ணைக் காட்டுவதற்கு டச் போன் இன்றியமையாதது என்கிறார்கள். பாதுகாப்பு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது? அலுவலகத்துச் சேவையகமும் அந்தக் கருவியும் ஆரம்பத்தில் ஒரு ரகசிய எண்ணைத் தமக்குள் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. பின்னர் இரண்டும் அவ்வப்போதைய நேரத்தையும் அந்த ரகசியத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. இரண்டு இடத்திலும் ஒரே விடை வருகிறது. இதற்கு இணையம் வேண்டாம், சிம் வேண்டாம், காமிரா வேண்டாம். வேண்டியவை ஒரு கடிகாரமும் ஒரு ரகசியமுமே. சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு சிறு கருவி இந்தக் காரியத்தை முழுமையாகச் செய்யும். வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் இத்தகைய கருவிகள் கைபேசிச் செயலிகளுக்கு முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளன. இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லிக் கேட்டால் கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. கேட்பவர்கள்தாம் குறைவு.

என் போன்றவர்களுடைய சங்கடம் ஓர் அளவுக்கு உட்பட்டது. மாதச் சம்பளமும் விடுமுறையும், மறுத்துப் பேசினால் கேட்கும் மேலதிகாரியும் உள்ளவர்களுக்கு வழிகள் உண்டு. உத்தியோகக் கைபேசியின் முழுப் பாரத்தையும் அறிய வேண்டுமானால், நம் தெருக்கோடியில் இருக்கும் பால்வாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

1975ஆம் வருஷம் காந்தி ஜயந்தி தினத்தில் 33 வட்டாரங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று தேசமெங்கும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாக விரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாத்திரம் 54,439 மையங்கள் என்பது கணக்கு. ஒவ்வொன்றிலும் ஊரார் டீச்சர் என்று அழைக்கும் ஒரு பணியாளரும், பல இடங்களில் அவருக்குத் துணையாக ஆயாம்மாவும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஊட்டுவது, பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பது, தராசில் நிறுத்து எடை குறிப்பது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு வழங்குவது, தடுப்பூசி நாளுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வது என்று அவர்களுடைய காரியங்கள் பல. இவற்றையெல்லாம் எழுதிவைக்கப் பதினொரு பதிவேடுகள் இருந்தன. அந்தப் பதிவேடுகளின் சுமையை நீக்குவதற்காகவே, 2018 மார்ச்சில் தொடங்கப்பட்ட போஷண் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்து இயக்கத்தின்கீழ் அவர்களுக்கு அரசாங்கம் கைபேசி கொடுத்தது. நோக்கம் உயர்ந்தது. குழந்தையின் எடையை உள்ளிட்ட மாத்திரத்தில், அது வயதுக்கேற்ற வளர்ச்சியா, கவனிக்க வேண்டிய நலிவா என்பதைக் கருவியே கணக்கிட்டுக் காட்டுமென்றால், கோடு போட்ட அட்டையில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது மெய்யான உதவியே.

ஆனால் அந்தப் பெண்களில் பலர் அதற்கு முன் பட்டன் போனே வைத்திருந்தவர்கள். ஐம்பதைக் கடந்தவர்கள் அவர்களில் ஏராளம். கருவி அவர்களுடையதன்று, தொலைந்தாலோ உடைந்தாலோ பதில் சொல்ல வேண்டியவர்கள் மாத்திரம் அவர்கள். இரவல் நகையைப் பூண்டு கல்யாணத்துக்குப் போனவளுக்கு விருந்தின் ருசி தெரியாதல்லவா? வீட்டிலே பேரப்பிள்ளை அதைத் தொட்டாலும் நெஞ்சு படபடக்கும் நிலையில்தான் பலர் அதைக் காத்துவருகிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் 2021 ஆகஸ்டில் நிகழ்ந்தது, இந்த விஷயத்தில் அக்கறையுள்ளவர்கள் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத் தக்கது. அவ்வருஷம் மார்ச்சில் ‘போஷண் டிராக்கர்’ என்ற புதிய செயலி நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டு ஜி.பி. நினைவகம் மாத்திரமே கொண்ட பழைய கைபேசிகள் அதைத் தாங்கவில்லை, சூடேறின, நின்றுபோயின, பழுது பார்க்கும் செலவு பணியாளர்களின் தலையில் விழுந்தது, செயலியோ அவர்கள் அறிந்த மராத்தியில் இல்லாமல் ஆங்கிலத்தில் வேலை வாங்கியது. மனுக்கொடுத்துப் பயனில்லாமற்போகவே, அந்த மாநிலத்து அங்கன்வாடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அரசாங்கம் கொடுத்த கைபேசிகளை அரசாங்கத்திடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அவர்கள் வேலையை விடவில்லை; குழந்தைகளுக்கு உணவூட்டுவதை நிறுத்தவில்லை. கருவியைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்த கருவி கொள்ளத் தக்கதா என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பதை இவ்வளவு மரியாதையாகவும் தெளிவாகவும் நிலைநாட்டிய போராட்டம் வேறொன்றை நான் அறியேன்.

இதில் ஆழ்ந்து பார்க்க வேண்டிய நியாயம் ஒன்று இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளரைச் சட்டம் நெடுங்காலம் ஊழியர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் மத்திய அரசின் பங்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்ந்தது. மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. அப்பொழுதே, அந்நாளில் இருந்த செயலியைப் பயன்படுத்திப் பதிவு செய்பவர்களுக்கு மாதம் 500 ரூபாய் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடும் வந்தது. அவர்கள் வகிப்பது அரசுப் பதவியன்று என்று உச்சநீதிமன்றம் 2006இல் கூறியது. 2022 ஏப்ரலில்தான், அவர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைகளை எண்ணும்போது தொண்டர் என்று ஒதுக்கி, கண்காணிக்கும்போது மாத்திரம் நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குச் சொல்ல வேண்டிய ஊழியராகக் கொள்வது எவ்விதத்திலும் தர்மமாகாது.

முன்காலத்தில் மையம் திறந்திருக்கிறதா என்று பார்க்க விரும்பிய மேற்பார்வையாளர் பஸ் ஏறி வர வேண்டும். வெயிலில் நடந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டுவார். கூரை ஒழுகுவதும் விறகு ஈரமாக இருப்பதும் அவர் கண்ணில் படும். கேட்க வந்தவர் கேட்டுக்கொண்டும் போவார். இன்றைக்கு அவர் எங்கேயோ இருந்துகொண்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி இட்டால் போதும். அது ஒரே சமயத்தில் நூறு பேருடைய கைப்பையில் மணியடிக்கும். எங்கள் பகுதி மையத்து டீச்சர் ஒருமுறை, “பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டே போட்டோவும் எடுக்கணும்னா எனக்கு மூணாவது கை வேணும் சார்” என்றார். மாலையில் வீட்டுக்குப் போய் உலை வைத்த பிறகும், விட்டுப்போன விவரத்தை உடனே அனுப்பும்படி செய்தி வருமாம். அனுப்புபவருக்கு அதில் ஒரு காசு செலவில்லை, ஒரு நிமிஷச் சிரமமில்லை, எதிர்ப்பக்கத்தில் அடுப்பு எரிவதை அவர் பார்ப்பதுமில்லை. டிரங்க் கால் காலத்தில் அழைப்பவன் சுமந்த பாரம் முழுவதும் இப்போது அழைக்கப்படுபவள் தோளுக்கு மாறிவிட்டது.

அவளோடும் அது நிற்கவில்லை. வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவைப் பெற வரும் தாய்மாரின் முகத்தைக் கைபேசியால் படம்பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் கட்டாயமாகியிருக்கிறது. அதற்கான பதிவின்போது ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஒரு ரகசிய எண் வரும். அந்தச் சிம்மைக் கணவன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோயிருந்தால், மாவு வாங்க வந்தவள் அவனை அழைத்து, அவன் இயந்திரத்தருகே நின்றுகொண்டு எண்ணைப் பார்த்துச் சொல்லும்வரை, இடுப்பில் குழந்தையோடு காத்திருக்க வேண்டியதுதான். போலிப் பெயர்களில் பண்டம் போகாமல் தடுப்பது அரசாங்கத்தின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. தினமும் அந்தத் தாயைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கும் டீச்சருடைய வார்த்தையைவிட, மங்கிய ஒளியில் எடுத்த படத்தை நம்புவது விவேகமா என்பதே என் கேள்வி.

வேறு மாநிலங்களிலும் வேறு தொழில்களிலும் இதே குரல் கேட்டிருக்கிறது. ஹரியானாவின் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள், தமக்குக் கொடுக்கப்பட்ட கைபேசியில் ‘எம்.டி.எம். 360 ஷீல்டு’ என்ற நிர்வாக மென்பொருளை ஏற்ற வேண்டும் என்ற உத்தரவை, அது தம் நடமாட்டத்தையும் அந்தரங்கத்தையும் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லி 2021இல் எதிர்த்தார்கள். சண்டிகரில் துப்புரவுப் பணியாளர்களின் மணிக்கட்டில், இருக்குமிடத்தைக் காட்டும் கடிகாரங்கள் கட்டப்பட்டன. நூறு நாள் வேலையில், தினமும் இருமுறை பணித்தளத்தில் படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை செல்லும் என்ற ஏற்பாடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. அங்கே கைபேசி கூடக் கொடுக்கப்படவில்லை, பணித்தளப் பொறுப்பாளர் தம் சொந்தக் கருவியையே கொண்டுவர வேண்டியிருந்தது. அலைவரிசை கிட்டாத ஏரிக்கரையில் படம் ஏறாமற்போனால், மண் சுமந்தவளின் அன்றைய கூலி கேள்விக்குறியாகும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்த தேசம் இது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியங்களுக்காக ஊழியரின் தகவல்களை அவருடைய சம்மதமின்றியே முதலாளி பயன்படுத்த இடம் கொடுத்திருக்கிறது. அந்த வாசல் மிக அகலமாக வைக்கப்பட்டுவிட்டது என்று அஞ்சுகிறேன்.

அயல்நாடுகளில் இந்தப் பாரத்தை மீண்டும் அழைப்பவன் பக்கம் திருப்பச் செய்திருக்கும் முயற்சிகளை நாம் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் போக்ஸ்வாகன் நிறுவனம், தொழிற்சங்கத்தாரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2011 இறுதியிலேயே ஒரு காரியம் செய்தது: வேலை முடிந்த அரை மணிக்குப் பிறகு, மறுநாள் வேலை தொடங்க அரை மணி இருக்கும்வரை, அலுவலகக் கைபேசிகளுக்கு மின்னஞ்சல் போகாதபடி சேவையகத்தையே நிறுத்திவைத்தது. ஊழியன் மனவுறுதியோடு கருவியைத் தொடாமலிருக்க வேண்டியதில்லை, செய்தியே வராது. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்குக் குறையாத ஸ்தாபனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமை குறித்துத் தொழிலாளர்களோடு பேச்சு நடத்த வேண்டுமென்று சட்டம் வந்தது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில், வேலை நேரத்துக்குப் புறம்பே வரும் தொடர்புக்கு, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலன்றி, பதிலளிக்க மறுக்கும் உரிமையைக் கொடுத்தது. இவற்றுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது போர்ச்சுகல் 2021இல் இயற்றிய சட்டமே. ஏனெனில் மற்றவை தொழிலாளிக்கு மறுக்கும் உரிமையைத் தருகின்றன, அதுவோ ஓய்வு நேரத்தில் அழைக்காதிருக்கும் கடமையை முதலாளியின்மேல் சுமத்துகிறது. மறுக்கும் உரிமையைப் பிரயோகிக்கத் தைரியம் வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக வேலை செய்பவரிடம் எப்போதும் அந்தத் தைரியத்தை எதிர்பார்ப்பது முறையாகாது. நம் மக்களவையிலும் 2018 டிசம்பரில் மகாராஷ்டிர உறுப்பினர் சுப்ரியா சுலே இத்தகைய தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை என்ன செய்வது என்று கேட்கும் நண்பர்களுக்கு, நான் அநுஷ்டித்துவரும் முறையைச் சொல்கிறேன். உத்தியோகக் கைபேசி உத்தியோகத்துக்கு உரியது. அதில் என் சொந்த விஷயம் ஒன்றுமில்லை. சொந்த மனிதர்களுக்குப் பட்டன் போன் இருக்கிறது. பணம் அனுப்புவதற்கு டச் போன் இல்லாமல் முடியாதே என்பார்கள்; 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே என்ற ஏற்பாட்டின்படி, சாதாரணப் பட்டன் போனிலிருந்தே ஓர் எண்ணை அழைத்துப் பணம் செலுத்தலாம். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மாலையில் புறப்படும்போது உத்தியோகக் கைபேசியை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன். ஆரம்பத்தில் மேலதிகாரிக்கு இது விநோதமாகப்பட்டது. அவரிடம் என் பட்டன் போன் எண்ணை எழுதிக் கொடுத்து, “அவசரமென்றால் எந்நேரமும் கூப்பிடுங்கள், எடுத்துப் பேசுகிறேன்” என்றேன். அந்த வாக்கை நான் இன்றுவரை காப்பாற்றிவருகிறேன். அவரும் கூப்பிட வேண்டியபோது கூப்பிட்டிருக்கிறார். ஆனால் அது வெகு அபூர்வம். குழுவில் ஒரு வரி எழுதிப்போட விரல் மாத்திரம் போதும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு மனிதனை அழைத்து அவன் குரலைக் கேட்டுப் பேசுவதற்கோ, அதற்குத் தகுந்த காரணம் வேண்டியிருக்கிறது.

இந்த வழி பால்வாடி டீச்சருக்குக் கிடையாது. அவருடைய மையத்தில் பூட்டக்கூடிய இழுப்பறை இருக்குமா என்பதே சந்தேகம். இருந்தாலும் காணாமற்போனால் பொறுப்பு அவருடையது. ஆகவே அவர் சார்பில் அலுவலகங்கள் செய்ய வேண்டியதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கருவியைக் கொடுத்தவரே பழுது பார்க்கும் செலவையும் மாதாந்தர ரீசார்ஜ் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். செயலி முழுவதும், பிழைச் செய்தி உட்பட, அவர் படித்த மொழியில் இருக்க வேண்டும். முகம் ஒத்துவராத தாய்க்கு, டீச்சரின் கையெழுத்தின்பேரில் அன்றைக்கே சத்துமாவு கொடுக்க வழி வேண்டும். மையம் மூடிய பிறகு குழுவில் உத்தரவு இடுவதில்லை என்று ஒரு சுற்றறிக்கை வர வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, ஒரு காகிதம் போதும். மீறி அழைக்க வேண்டிய அவசரம் நேர்ந்தால், அழைக்கும் அதிகாரி குரலால் அழைக்கட்டும். அழைத்த நேரம், அழைத்தவர் பெயர், அழைத்த காரணம் ஆகிய மூன்றையும் அவரே தம் கையால் ஒரு பதிவேட்டில் எழுதி, மாதக் கடைசியில் அதைத் தமக்கு மேலுள்ளவரின் பார்வைக்கு வைக்கட்டும்.